பதினைந்தாவது எபிசோடோடு எழுந்து போனவர்களுக்கு

அன்புள்ள ‘தி குட் வைஃப்’ ரசிகர்களே,

ரசிகர்கள் எல்லோருக்குமல்ல. 2014 மார்ச் 23, ஞாயிறு இரவு, ஐந்தாவது சீசனின் பதினைந்தாவது எபிசோடு முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு, ‘இனி இந்தத் தொடர் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன்’ என்று சொன்னவர்களுக்கு மட்டும் இந்த மடல். உங்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் இருப்பவர்கள், தமிழ் தெரியாதவர்கள். அதனால் என்ன? அதே எபிசோடைப் பல வருடம் கழித்து ஸ்ட்ரீமிங்கில் பார்த்து, அதே கோபத்தோடு லேப்டாப்பை மூடிய தமிழ் ஆட்களும் இருக்கிறார்கள். உங்கள் சார்பில் அவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

கோபப்பட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. எழுந்து போனதுதான் தப்பு. அந்தக் கோபத்தையே கதையாக்கி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு எபிசோடு தயாராக இருந்தது. அதைப் பார்க்க நீங்கள் அங்கே இல்லை.

தொடரைப் பார்க்காத யாராவது இந்த மடலை எட்டிப் பார்த்தால் அவர்களுக்கும் புரியவேண்டும், அதனால் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 2009 செப்டம்பரில் தொடங்கிய வக்கீல் தொடர் இது. உருவாக்கியவர்கள் ராபர்ட் கிங், மிஷெல் கிங் என்ற தம்பதி. கதை நடப்பது சிகாகோவில். கணவன் பீட்டர் ஃப்ளாரிக் பெரிய அரசு வழக்கறிஞர். விலைமாது விவகாரத்திலும் ஊழல் புகாரிலும் மாட்டி ஜெயிலுக்குப் போகிறான். பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவன் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்ற மனைவி அலிஷியா, பதின்மூன்று வருடமாக விட்டுப்போயிருந்த வக்கீல் தொழிலுக்குத் திரும்புகிறாள். வேலை கொடுப்பவன் சட்டக் கல்லூரியில் கூடப் படித்த வில் கார்ட்னர். படிக்கும் காலத்திலேயே இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மனசு. காலம் கூடி வரவில்லை. அலிஷியாவாக ஜூலியானா மார்குலிஸ், வில்லாக ஜாஷ் சார்ல்ஸ். சேர்வதும் விலகுவதுமாக நாலு சீசன் ஓடியது. ஐந்தாவதில் அவள் சக வக்கீல் கேரி அகோஸோடு கூட்டுச் சேர்ந்து, வில்லின் நிறுவனத்தை விட்டு வெளியேறி, போகிற போக்கில் கட்சிக்காரர்களையும் பிரித்துக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்குகிறாள். 2013 அக்டோபரில் வந்த ‘ஹிட்டிங் தி ஃபேன்’ எபிசோடில், விஷயம் காதுக்கு எட்டியதும் வில் நேராக அவள் அறைக்குப் போய் மேசைமேல் இருந்ததை எல்லாம் கீழே தள்ளுவானே, அந்தச் சண்டை அங்கே தொடங்கியது.

சமாதானம் எப்போது வரும் என்று காத்திருந்தீர்கள். மார்ச்சில் வந்த எபிசோடின் பெயர் ‘டிராமட்டிக்ஸ், யுவர் ஆனர்’. ஜெஃப்ரி கிராண்ட் என்ற கல்லூரி மாணவன்மேல் கொலை வழக்கு. வில் அவனுக்காக ஆஜராகிறான். வழக்கு கையைவிட்டு நழுவுகிறது. பயத்தில் புத்தி பிசகிய பையன் கோர்ட்டுக்குள்ளேயே காவலரின் துப்பாக்கியைப் பறித்துச் சுடுகிறான். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியில் வில்லின் தொழில் கூட்டாளி டயேனும் நிறுவனத்தின் துப்பறிவாளர் கலிந்தாவும் பார்க்கும்போது வில் பிணமாகக் கிடக்கிறான். ஒரு காலில் ஷூ இல்லை. கடைசி வார்த்தை என்று எதுவும் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு அழ அலிஷியா பக்கத்தில் இல்லை. அவள் ஊரின் இன்னொரு மூலையில், ஒரு விருந்தில்.

அன்று ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது? ஒரு பாத்திரம் செத்தால் ரசிகர்கள் அழுவது புதிதல்ல. அதற்கு முந்தைய வருடம்தான் அமெரிக்காவில் ‘டௌன்டன் ஆபி’யில் மாத்யூ கிராலி காரோடு கவிழ்ந்தான், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கல்யாண விருந்தில் ஒரு குடும்பத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். வில்லின் சாவு அவற்றைவிட ஆழமாகக் கீறியதற்குக் காரணம், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது வக்கீல் தொடர் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வக்கீல் தொடர் நம்மை ஒரு வழக்கத்துக்குப் பழக்கி வைக்கிறது. ஆட்சேபம் எழுந்தால் நீதிபதி ஏற்பார், இல்லை மறுப்பார். சாட்சி பொய் சொன்னால் குறுக்கு விசாரணையில் பிடிபடுவான். நியாயமோ அநியாயமோ, கடைசியில் ஒரு தீர்ப்பு உண்டு. 1957 முதல் ‘பெர்ரி மேசன்’ இந்த வழக்கத்தை அமெரிக்க வீடுகளில் ஊன்றியது. மேசனின் கட்சிக்காரிக்குக் குற்றவாளி என்று தீர்ப்பாவதோடு 1963-ல் ஒரு எபிசோடைத் தொடங்கியதே பெரிய செய்தியானது. அதிலும் முடிவதற்குள் மேசன் உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார். 1991-ல் ‘எல்.ஏ. லா’வில் ரோசலிண்ட் ஷேஸ், லிஃப்ட் வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்து, வராத லிஃப்டின் குழிக்குள் விழுந்து செத்தபோது, அது அதிர்ச்சியாக இருந்ததே தவிர யாரும் தொடரைவிட்டு ஓடவில்லை. அவள் எல்லோரும் வெறுத்த பாத்திரம். குழியே ஒரு தீர்ப்பு மாதிரிதான் இருந்தது.

வில்லுக்கு அப்படி ஒரு தீர்ப்பு கிடைக்கவில்லை. அவன் செய்த தப்புகளுக்கான தண்டனை என்று சொல்ல முடியாது, தியாகம் என்றும் சொல்ல முடியாது. அலிஷியா, வில் என்ற வழக்கு ஐந்து வருடம் வாய்தா வாங்கிக்கொண்டே வந்து, விசாரணைக்கு எடுக்கப்படும் நாளில் கோப்பையே தூக்கி எறிந்தது போல ஆயிற்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தவர்களுக்கு அந்த அதிர்ச்சிகூட மிச்சமில்லை. கிழக்கில் ஒளிபரப்பாகி மூன்று மணி நேரம் கழித்துத்தான் அங்கே வரும், அதற்குள் கைப்பேசி காட்டிக்கொடுத்துவிட்டது. ஒரு நடிகர் விலகும் ரகசியத்தைப் படப்பிடிப்புக் குழுவே கட்டிக் காத்து, கடைசியில் அதை அக்கம்பக்கத்து ஆட்கள் போட்டு உடைத்தார்கள். அந்தக் கோபத்தில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை.

‘கோர்ட்டுக்குள் துப்பாக்கிச் சூடு என்பது மலிவான வித்தை, நம்பும்படி இல்லை’ என்று சொன்னவர்களோடுதான் எனக்குத் தகராறு. 2005 மார்ச் 11 அன்று அட்லாண்டாவின் ஃபுல்டன் கவுண்டி நீதிமன்றத்தில் விசாரணைக் கைதி ஒருவன் காவலரைத் தாக்கித் துப்பாக்கியைக் கைப்பற்றி, நீதிமன்ற அறைக்குள் புகுந்து நீதிபதியையும் சுருக்கெழுத்தரையும் சுட்டான். வெளியே ஒரு காவலரையும், பிறகு வேறிடத்தில் ஒரு மத்திய அரசு அதிகாரியையும் சுட்டான். மொத்தம் நான்கு பேர் செத்தார்கள். இந்த எபிசோடுக்கு அதுதான் மூலம் என்று நான் சொல்லவில்லை. நடக்கவே நடக்காது என்ற வாதம் நிற்காது, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. ஐந்து சீசனிலும் எத்தனை கோர்ட் காட்சிகள் பார்த்திருப்பீர்கள்? அமெரிக்கக் கோர்ட்டில் ஓரமாக ஒரு காவலர் நிற்பார், இடுப்பில் துப்பாக்கி இருக்கும். எல்லோர் கண்ணிலும் பட்டது, யார் மனதிலும் பதியவில்லை. அந்த அறையில் வார்த்தைதான் ஆயுதம் என்று தொடரும் நம்பியது, நாமும் நம்பினோம்.

அடுத்த கேள்வி, எல்லோரும் கேட்டது: ‘கொல்ல வேண்டுமா? வேறு ஊருக்கு அனுப்பியிருக்கக் கூடாதா?’

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேறு ஊருக்கு அனுப்பும் வித்தையை உங்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர்களில் மார்குலிஸே ஒருவர். 1994-ல் தொடங்கிய ‘ஈ.ஆர்.’ ஆஸ்பத்திரித் தொடரில் அவர் நர்ஸ் கேரல் ஹாத்தவே. முதல் எபிசோடிலேயே அளவுக்கு மிஞ்சிய மாத்திரை விழுங்கிச் சாக வேண்டிய பாத்திரம் அது. முன்னோட்டமாகப் பார்த்தவர்களுக்கு அவளைப் பிடித்துப்போனதால் பிழைத்தாள். பார்வையாளரின் மனசு ஒரு பாத்திரத்துக்கு உயிர்ப்பிச்சை கொடுத்த கதை அது. ஜார்ஜ் க்ளூனி விலகியபோது அவருடைய டக் ராஸ் சியாட்டிலுக்குப் போனான். 2000-ல் மார்குலிஸ் விலகியபோது கேரலும் பின்னாலேயே சியாட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். எல்லோருக்கும் நிம்மதி. அதே நடிகையின் அடுத்த பெரிய தொடரில் அதே நிம்மதியை நீங்கள் எதிர்பார்த்தது இயல்புதான்.

ஆனால் கேரலுக்குச் சியாட்டில் பொருந்தியது, அவள் அங்கே போய் அவனோடு சேர்ந்ததால். வில்லை மட்டும் சியாட்டிலுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அலிஷியா சிகாகோவிலேயே இருந்தாக வேண்டும். தொடரின் பெயரே அவள்தான். இரண்டு ஊருக்கும் இடையே நாலு மணி நேர விமானம். இவ்வளவு ஆசை வைத்திருக்கும் இரண்டு பேர் போன்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை என்றால் அதைவிடப் பெரிய பொய் இருக்க முடியாது. வாராவாரம் ‘ஏன் அவள் டிக்கெட் எடுக்கவில்லை’ என்று கேட்டிருப்பீர்கள். கொன்றதற்குக் கோபப்பட்ட அதே ஆட்கள்தான், நான் உட்பட.

ஜாஷ் சார்ல்ஸின் ஒப்பந்தம் நாலாவது சீசனோடு முடிந்தது. அவர் போக விரும்பினார். மார்குலிஸ் கேட்டுக்கொண்டதால்தான் ஐந்தாவது சீசனில் பதினைந்து எபிசோடு இருக்கச் சம்மதித்தார். வருடத்துக்கு இருபதுக்கு மேல் எபிசோடு, ஐந்து வருடம், ஒரே கோட்டு சூட்டில் ஒரே கோர்ட் செட்டில் நிற்பது சலிக்கும் வேலைதானே. மேசையைத் தள்ளிய காட்சியும் அதற்குப் பிறகு வந்த பகையும் அவர் கூடுதலாகத் தங்கிய அந்த நாட்களில் கிடைத்தவை. தொடரின் உச்சம் அதுதான் என்று உங்களில் பலரும் ஒத்துக்கொள்வீர்கள். அவர் நாலாவது சீசனோடு கிளம்பியிருந்தால் வில் உயிரோடு இருந்திருப்பான், அந்தச் சண்டை நமக்குக் கிடைத்திருக்காது.

இப்போது கிங் தம்பதியிடம் வருகிறேன். அன்று இரவே அவர்கள் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் வெளியிட்டார்கள். உங்களைப் போலவே நாங்களும் வில்லுக்காகத் துக்கப்படுகிறோம், ஜாஷ் போக விரும்பினார், வேறு வழிகளையும் யோசித்தோம், இந்தக் காதலின் நடுவில் எப்போதும் இருந்தது நேரம் ஒத்துவராத சோகம்தான், சாவு அந்த உண்மையைத்தான் சொல்கிறது என்ற ரீதியில் போகும் அந்தக் கடிதம். மரியாதையான கடிதம்தான். இருந்தாலும் அதை அன்று எழுதியிருக்கக் கூடாது என்பது என் கட்சி.

முதல் பாதி ஒளிவு மறைவில்லாமல் இருக்கிறது: நடிகர் போகிறார், என்ன செய்வது. இரண்டாம் பாதியில் வக்கீல் புத்தி எட்டிப் பார்க்கிறது. நடந்து முடிந்ததற்கு ஏற்றபடி பிறகு ஒரு வாதத்தைக் கட்டுவது. நடிகர் போவது முதலில், சோகத்தின் தத்துவம் அதற்குப் பின்னால். எந்த வழக்கிலும் சங்கதி முதலில் கைக்கு வரும், வாதம் அப்புறம்தான் பிறக்கும்; வக்கீல் தொடர் எழுதுகிறவர்களுக்கு இது தெரியாததல்ல. நீங்கள் வாதியாகக் கூவினீர்கள், அவர்கள் எதிர்வாதம் தாக்கல் செய்தார்கள். தாக்கல் செய்த மறு நிமிடமே நீங்கள் வரிக்கு வரி குறுக்கு விசாரணை தொடங்கினீர்கள். இப்படியாக, காரணமே இல்லாமல் வந்த ஒரு சாவு விவாதப் பொருளாகிவிட்டது. எபிசோடு எதை உங்களிடம் தர மறுத்ததோ அதைக் கடிதம் இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்காமல் கையில் திணித்தது.

இதற்கு அவர்களையே குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவ்வளவு சத்தம் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது கஷ்டம். ஆனால் அவர்கள் கையில் இதைவிட நல்ல பதில் ஒன்று இருந்தது.

மார்ச் 30. எபிசோடு பெயர் ‘தி லாஸ்ட் கால்’. வில் இறப்பதற்குக் கொஞ்சம் முன்பு அலிஷியாவின் கைப்பேசிக்கு ஒரு குரல்செய்தி வந்திருக்கிறது. ஏதோ சொல்லத் தொடங்குகிறான், கோர்ட் வேலை குறுக்கிடுகிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறான். என்ன சொல்ல வந்தான்? எபிசோடு முழுக்க அவளுக்கு வேலை அதுதான். கோர்ட்டுக்குப் போகிறாள், அன்று அங்கே இருந்தவர்களைத் தேடுகிறாள், ஒவ்வொருவராக விசாரிக்கிறாள். குண்டடிபட்டுப் படுத்திருக்கும் எதிர்த்தரப்பு வக்கீல் ஃபின் போல்மரையும் விடவில்லை. வில் எங்கே நின்றான், போனை எப்போது எடுத்தான், முகம் எப்படி இருந்தது. அவள் நல்ல வக்கீல். சாட்சிகளைச் சரியான வரிசையில்தான் கேட்கிறாள். கேட்கக் கேட்க அவள் மனதில் அந்தப் போன் வேறு வேறு விதமாக ஓடுகிறது. ஒன்றில் தொழில் விஷயம் பேசுகிறான், இன்னொன்றில் கோபம், கடைசியில் வருவது அவள் கேட்க ஆசைப்பட்டது. எது நிஜம் என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் சொல்லமாட்டார்கள்.

ஞாயிறு இரவிலிருந்து நீங்கள் செய்துகொண்டிருந்ததும் இதைத்தான். ஏன், யார் முடிவு செய்தது, வேறு வழியில்லையா என்று கண்ணில் பட்டவர்களை எல்லாம் கூண்டில் ஏற்றினீர்கள். அதே கேள்விகளை எடுத்துக்கொண்டு அலிஷியா ஒரு மணி நேரம் ஊர் முழுக்க அலைந்தாள். அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதைப் பார்த்திருந்தால், உங்களுக்குக் கிடைக்காததை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பீர்கள் என்பது என் நம்பிக்கை. கிங் தம்பதி அந்தக் கடிதத்தை எழுதாமல், ‘அடுத்த வாரம் பாருங்கள்’ என்று ஒரு வரி மட்டும் போட்டிருக்கலாம்.

கலிந்தாவின் காட்சிக்காகவும் அந்த எபிசோடைப் பார்க்கவேண்டும். ஆர்ச்சி பஞ்சாபி நடித்த அந்தத் துப்பறிவாளர் சிறையில் ஜெஃப்ரியைப் பார்க்கப் போகிறாள். அவனுக்குச் சாக வேண்டும் போல இருக்கிறது. அவள் தன் பெல்ட்டைக் கழற்றிக் காட்டுகிறாள். அவன் கெஞ்சும்போது எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். கோர்ட்டு கொடுக்க முடியாத தண்டனை. நியாயமா என்று கேட்டால் இல்லை. எனக்கு இன்றும் அந்தக் காட்சியைப் பார்க்கக் கொஞ்சம் கூசும். ஆனால் கொலைகாரன்மேல் உங்களுக்கு இருந்த வெறுப்பையும் அந்த எபிசோடு மறக்கவில்லை. சட்டத்துக்கு வெளியே போய் அதைக் காட்டிவிட்டு, பார்க்கிறவரைச் சங்கடத்தில் விட்டது.

உங்கள் பக்கம் ஜெயித்த இடத்தையும் சொல்ல வேண்டும். ‘வில் இல்லாமல் தொடர் நொண்டும்’ என்றீர்கள். நொண்டியது. ஆறாவது சீசனில் அலிஷியாவை அரசு வழக்கறிஞர் தேர்தலில் நிறுத்தி, ஜெயிக்கவைத்து, பதவியில் உட்காரும் முன்பே ராஜினாமா செய்யவைத்தார்கள். அவ்வளவு நடந்தும் எங்கும் போய்ச் சேராத கதை. கலிந்தா போனாள், ஃபின் போனான். ஏழாவதில் ஜெஃப்ரி டீன் மார்கனைக் கொண்டுவந்து ஒரு காதலை ஒட்டினார்கள். சிரிக்கத் தெரிந்த மனிதர், ஆனால் அந்த நாற்காலி வேறு ஒருவருடையது. 2016 மே 8 அன்று கடைசி எபிசோடில் ஜாஷ் சார்ல்ஸையே அலிஷியாவின் கற்பனையில் திரும்பக் கூட்டிவந்தார்கள். வில் இல்லாமல் முடிக்க முடியவில்லை என்று தொடரே எழுதிக்கொடுத்த வாக்குமூலம் அது. அன்றும் ஒரு சத்தம் எழுந்தது, டயேன் அலிஷியாவை அறைந்த அறைக்காக. அதற்குள் நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. ஆறாவது, ஏழாவது சீசன்களைப் பாருங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. அவற்றுக்காக வாதாட என்னிடம் சரக்கு இல்லை. பதினாறாவது எபிசோடை மட்டும் பாருங்கள். முன்னால் ஒருமுறை பதினைந்தையும் பார்த்துவிட்டால் நல்லது. அந்தக் காவலர் எங்கே நிற்கிறார் என்று இந்தமுறை கவனிப்பீர்கள். கிங் தம்பதியின் கடிதத்தைத் தேடிப் படிக்காதீர்கள். பார்த்து முடித்த பிறகும் கோபம் ஆறவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். ஏழாவது சீசனைத் திட்டுவதற்கு எனக்கும் துணை வேண்டும்.

இப்படிக்கு,
எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த இன்னொரு ரசிகர்